மலையுச்சிக் கிராமத்தில் 18 யூரோ மதியச் சாப்பாடு

போன அக்டோபரில் நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ் போயிருந்தோம். பாரிஸில் நான்கு நாள், அப்புறம் தெற்கே துலூஸ் பக்கம் ஐந்து நாள். அந்த ஒன்பது நாளில் எது நல்ல சாப்பாடு என்று யாராவது கேட்டால் மூன்று பேரும் ஒரே கடையைத்தான் சொல்கிறோம். கோர்த்-சூர்-சியல் என்ற மலைக் கிராமத்தில் ஒன்பது மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை அது. ஒரே ஒரு வேளைதான் சாப்பிட்டேன், அதை வைத்துப் பெயர் போட்டு மதிப்பெண் கொடுப்பது சரியாகப் படவில்லை, அதனால் பெயர் எழுதவில்லை. ஆனால் அங்கே என்ன சாப்பிட்டோம், எவ்வளவு ஆனது, இந்த மாதிரிக் கடையை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் ஐரோப்பா கிளம்புகிற தோழிகள் நாலைந்து பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் நாங்கள் செய்த தப்பு. முந்தின நாள் வேறொரு ஊரில் மதியம் இரண்டேகாலுக்குச் சாப்பிடப் போனோம். சிங்கப்பூரில் எந்த நேரம் கீழே இறங்கினாலும் கோப்பிக்கடையில் ஏதாவது கிடைக்கும், அந்தப் பழக்கம் நமக்கு. அங்கே கடை திறந்திருக்கிறது, உள்ளே ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அடுப்பை அணைத்தாகிவிட்டது. மூன்று கடையில் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பெட்ரோல் நிலையத்தில் உருளைக்கிழங்கு வறுவலும் வாழைப்பழமும் வாங்கி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மாத்திரை போடுகிற வயதில் இருக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு அப்படி ஆனதில் எனக்கு ரொம்ப வருத்தம். ஆகவே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: சின்ன ஊர்களில் மதியச் சாப்பாடு என்றால் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள், அதிலும் ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிடுவது நல்லது. இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு முன்னால் கிடையாது. நடுவில் பசித்தால் ரொட்டிக்கடைதான்.

மறுநாள் புத்தி வந்து, காலையிலேயே கோர்த் கடையைத் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று பேருக்கு இடம் சொல்லிவைத்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்து வார்த்தை, தொலைபேசியை எடுத்த கடைக்கார அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவ்வளவுதான், எப்படியோ பேசி முடித்துவிட்டோம்.

துலூஸிலிருந்து கோர்த் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். வாடகைக் காரில் ஒன்றேகால் மணி நேரம். வலது பக்கம் ஓட்ட வேண்டும், வீட்டுக்காரர் முதல் நாள் பயந்தார், அப்புறம் பழகிவிட்டது. கடைசிச் சில கிலோமீட்டரில் சேரூ ஆற்றின் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம், அதற்கு மேலே ஊர் மட்டும் தனியாக நிற்கிறது. 'வானத்தின் மேல் கோர்த்' என்று பெயர் வைத்ததற்கு அர்த்தம் அங்கே நின்றால்தான் தெரிகிறது. அந்த 'சூர்-சியல்' 1993இல்தான் சேர்ந்ததாம், அதுவரை வெறும் கோர்த். ஊர் மட்டும் பழசு. 1222இல் துலூஸ் பிரபு ஏழாம் ரேமோன், சுற்றுவட்டாரமே போரில் அடிபட்டுக் கிடந்த காலத்தில் கட்டிய கோட்டை ஊர். 2014இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு மிகவும் பிடித்த கிராமம் என்று தொலைக்காட்சி வாக்கெடுப்பில் வந்தது. அதிலிருந்து கோடையில் கூட்டம் அள்ளுகிறது என்கிறார்கள். அக்டோபர் வியாழக்கிழமையில் தெருவில் பூனைதான் அதிகம்.

வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு ஏற வேண்டும். கருங்கல் பாவிய செங்குத்தான தெரு, முழங்கால் வலி இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். ஒரு குட்டிச் சுற்றுலா ரயில் வண்டி மேலே வரை கொண்டுபோய் விடுகிறது, அம்மாவும் நானும் அதில் ஏறிக்கொண்டோம், வீட்டுக்காரர் படியில் ஏறி வந்தார். அதில் ஒரு படிக்கட்டுக்குப் பாத்தெர் நோஸ்தெர் என்று பெயர், அந்த லத்தீன் பிரார்த்தனையில் எத்தனை சொல்லோ அத்தனை படி என்று சொல்கிறார்கள். மேலே பழைய சந்தை மண்டபம், எண்கோணத் தூண்கள், நடுவில் நூறு மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள ஒரு கிணறு. மலையுச்சியில் தண்ணீருக்காக அவ்வளவு தோண்டியிருக்கிறார்கள்.

சரி, கடைக்கு வருகிறேன். வெளியே படம் போட்ட அட்டை எதுவும் இல்லை. ஒரு கரும்பலகை, அதில் சுண்ணக்கட்டியால் ஆறே வரி. முதல் உணவு இரண்டில் ஒன்று, முக்கிய உணவு இரண்டில் ஒன்று, கடைசியில் பாலாடைக்கட்டி அல்லது இனிப்பு. மொத்தம் 18 யூரோ. நேற்றைய எழுத்தைக் கையால் துடைத்த தடம் பலகையில் அப்படியே இருந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது அந்தத் தடத்தைப் பார்த்துத்தான். தினமும் துடைத்து எழுதுகிறார்கள் என்றால் அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே போனால் சுவர்ப்பூச்சு வேலை செய்கிற நான்கு பேர், காற்சட்டையில் வெள்ளைச் சாயத்தோடு, ஏற்கனவே சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் கட்டுமான ஊழியர்கள் வரிசையில் நிற்கிற கடையில் சாப்பாடு மோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. அங்கேயும் அதே கணக்குதான்.

இன்னொரு அடையாளமும் உண்டு. மூடிக்குப் பதில் வீட்டுக் கூரை வைத்த ஒரு வாணலிப் படம், சின்னதாகக் கதவிலோ பட்டியலிலோ ஒட்டியிருப்பார்கள். அங்கேயே மூலப்பொருளிலிருந்து சமைத்தது என்று அர்த்தம், 2014இல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். உறைபனிப் பெட்டியில் வருகிற பொட்டலத்தைச் சூடு பண்ணிக் கொடுக்கிற கடைகள் அங்கேயும் பெருகிவிட்டதால் வந்த ஏற்பாடு. இந்தப் படம் ஒட்டாத நல்ல கடைகளும் இருக்கின்றன, ஆனால் இருந்தால் ஒரு தைரியம்.

அங்கே 'மெனு' என்றால் இந்த மொத்த விலைச் சாப்பாடு, உணவுப் பட்டியல் கேட்க வேண்டுமானால் 'கார்த்' என்று கேட்க வேண்டும். நான் முதல் நாள் பாரிஸில் மெனு என்று கேட்டு மூன்று வகை சாப்பாட்டை வரவழைத்துவிட்டேன். இந்த மலிவு விலைச் சாப்பாடு பெரும்பாலும் வேலை நாட்களில் மதியம் மட்டும்தான். சனி ஞாயிறு போனால் அதே கடையில் விலை வேறு.

அம்மா சைவம், முட்டை மட்டும் சேர்த்துக்கொள்வார். இதுதான் எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் அந்த வட்டாரத்தில் எல்லாமே வாத்து. நெய்க்குப் பதில் வாத்துக்கொழுப்பு, கீரையில் பன்றித் துண்டு. கைப்பேசியில் பிரெஞ்சில் 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், வாத்துக்கொழுப்பும் வேண்டாம், முட்டையும் பாலும் சாப்பிடுவார்' என்று எழுதிவைத்திருந்தேன். பரிமாறுகிற அம்மா அதை நின்று நிதானமாக இரண்டு தடவை படித்தார், உள்ளே போய்ச் சமைக்கிற தன் கணவரிடம் கேட்டுவிட்டு வந்து, பூண்டு சூப் ஒன்று, அலிகோ என்ற பாலாடைக்கட்டி சேர்த்த உருளைக்கிழங்கு மசியல் ஒரு தட்டு, கூடப் பச்சைக் கீரை என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பலகையில் தொத்திறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பதாக எழுதியிருந்த அலிகோவை அம்மாவுக்கு முக்கிய உணவாகவே மாற்றிவிட்டார்.

பூண்டு சூப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கோர்த் இருக்கிற அதே தார்ன் மாவட்டத்தில் லோத்ரெக் என்று ஓர் ஊர், அங்கே விளைகிற பூண்டின் தோல் இளஞ்சிவப்பு. 1966லேயே தரமுத்திரை வாங்கிய பூண்டு. தண்டு கெட்டியாக இருப்பதால் பின்னலாகப் பின்ன முடியாது, கொத்தாகக் கட்டித்தான் தொங்கவிடுகிறார்கள். கடையில் சமையலறைச் சன்னல் ஓரம் அப்படி இரண்டு கொத்து தொங்கியது. பூண்டை நறுக்கித் தண்ணீரில் கரையக் கரைய வேகவைத்து, முட்டை வெள்ளையை அதில் நூலாக ஊற்றி, மஞ்சள் கருவைக் கடுகு விழுதும் எண்ணெயும் சேர்த்து அடித்து, அடுப்பை விட்டு இறக்கியபின் கலக்குகிறார்கள். உள்ளே மெல்லிசான சேமியா. மேலே மிளகு நிறையவே தூவியிருந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, புளி விட மறந்த பூண்டு ரசம் மாதிரியே இருக்கு" என்றார். உண்மைதான், அதே காரம் தொண்டையில் இறங்குகிறது, ஆனால் முட்டை கலந்ததால் பால் மாதிரி வழவழப்பு. நான்கு நாளாகச் சளியோடு இருந்தவர் கிண்ணத்தைச் சாய்த்துக் குடித்து முடித்தார். நானும் அதையே வாங்கியிருந்தேன். வீட்டுக்காரர் வாங்கியது வாத்து இரைப்பை சாலட். கோழிக்கடையில் ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே, அந்த இறுக்கமான துண்டு, வாத்திலிருந்து. மெதுவாகக் கொழுப்பில் வெந்ததால் பல்லுக்கு வேலையே இல்லை, அக்ரூட் பருப்பும் சேர்ந்து நன்றாக இருந்தது என்றார்.

ஒரு தவறு நடந்தது. அம்மாவுக்கு வந்த கீரையிலும் அந்த இரைப்பைத் துண்டு இரண்டு கிடந்தது. காட்டியதும் பரிமாறுகிற அம்மாவின் முகம் மாறிவிட்டது. அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவில்லை, தட்டையே எடுத்துப் போய் வேறு தட்டில் புதிதாகக் கலந்து கொண்டுவந்தார். அப்படிச் செய்ததால் இதைக் குறையாக எழுத மனமில்லை, தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். சைவக்காரர்கள் தட்டு வந்ததும் ஒரு தடவை கிளறிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அலிகோ வந்தது. வடக்கே ஓப்ராக் மலைப்பகுதியின் சாப்பாடு, இப்போது அந்தப் பக்கம் எங்கும் கிடைக்கிறது. மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், பாலாடை, கொஞ்சம் பூண்டு, அதோடு தோம் என்ற இளம் பாலாடைக்கட்டி. ஒரு கிலோ கிழங்குக்கு 400 கிராம் கட்டி என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் ஊரில் களி கிண்டுகிற மாதிரி மரத்துடுப்பால் ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பரிமாறுகிற அம்மா சின்னச் செப்புச் சட்டியை மேசைக்கே கொண்டுவந்து துடுப்பைத் தூக்கினார். தோள் உயரம் வரை அறுபடாமல் வந்தது, வெள்ளைத் துணி மாதிரி தொங்கியது, பளபளவென்று. மணிக்கட்டை ஒரு திருப்பு திருப்பி அம்மாவின் தட்டில் மடித்துவிட்டார். நம் கடைகளில் தேத்தாரே, அதாவது இழுத்து ஆற்றுகிற தேநீர், போடுகிறவர் கையில் இருக்கிற அதே பழக்கம். சூடு இருக்கும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். பெரிய சுவை எதுவும் இல்லை, உப்பும் பாலும் பூண்டு வாசமும்தான், ஆனால் நாக்கில் அப்படியே இறங்குகிறது. பாதித் தட்டுக்கு மேல் யாராலும் முடியாது. அம்மா முக்கால் தட்டு முடித்தார். கறாரான சைவக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும், அங்கே பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறையைத்தான் சேர்க்கிறார்கள். அம்மா அது தெரிந்துதான் சாப்பிட்டார், உங்கள் வீட்டில் எப்படியோ பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தட்டில் வாத்துக்கால் கோன்ஃபி. காலைக் கல்லுப்பில் ஓர் இரவு ஊறவைத்து, கழுவி, அதன் கொழுப்பிலேயே சிறு தீயில் மணிக்கணக்காக வேகவைத்து, அதே கொழுப்புக்குள் மூழ்கவைத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிற முறை. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் கறியைக் காப்பாற்றக் கண்டுபிடித்தது. நாம் வெயிலில் உப்புக்கண்டம் போட்டோம், அவர்களுக்கு அந்த வெயில் இல்லை, கொழுப்பு இருந்தது. பரிமாறும் முன் தோலை மட்டும் மொறுமொறுவென்று வறுக்கிறார்கள். முள்கரண்டியால் தொட்டதும் எலும்பிலிருந்து கறி தானாக விலகியது, தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே உப்பு ஒரு சிட்டிகை தூக்கல், ஆனால் பக்கத்தில் வாத்துக்கொழுப்பில் பூண்டும் பார்ஸ்லி இலையும் போட்டு வறுத்த உருளைக்கிழங்கு இருந்ததால் சரியாகப் போனது. இதே வாத்துக்காலுக்கு இங்கே சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக் கடையில் 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்திருக்கிறேன், அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மொத்தத்துக்கும் சேர்த்து 9 விழுக்காடு ஜிஎஸ்டி, கையை விட்டுப் போனது 45 வெள்ளிக்கு மேல். தோல் இந்த அளவுக்கு மொறுமொறுப்பாக இல்லை.

வீட்டுக்காரருக்குத் துலூஸ் தொத்திறைச்சி, பன்றிக்கறி, கூடவே அலிகோ. இஸ்லாமிய நண்பர்களுக்கு இந்த வட்டாரத்தில் முட்டை, மீன், காய் தவிரத் தைரியமாகச் சொல்ல எதுவும் இல்லை. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் 'பஃப்' என்றால் மாடு, 'வோ' என்றால் கன்று, இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ரொட்டி கேட்காமலே வருகிறது, தீரத் தீர வருகிறது, அதற்குத் தனிக் காசு இல்லை. வாழையிலைச் சாப்பாட்டில் சோறு வைப்பது மாதிரி கூடையோடு சுற்றி வருகிறார். அதற்குத் தட்டு கிடையாது, மேசைத்துணி மேலேயே வைத்துக்கொள்கிறார்கள், கடைசியில் அதை வைத்துத் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. தண்ணீரும் இலவசம்தான், சட்டப்படியே. ஆனால் 'கராஃப் தோ' என்று கேட்க வேண்டும், வெறுமனே தண்ணீர் என்றால் சில இடங்களில் விலையுள்ள புட்டியைத் திறந்துவிடுவார்கள். ஒரு குவளை தண்ணீருக்கு 50 காசு வாங்குகிற கடைகளுக்குப் பழகிய எனக்கு அது பெரிய நிம்மதி. வீட்டுக்காரர் பக்கத்தில் விளைகிற கையாக் சிவப்பு வைனைக் கால் லிட்டர் மண்குடுவையில் வாங்கினார், 5 யூரோ. அந்த வட்டாரத்துக்கே உரிய துரா, புரோக்கோல் திராட்சையில் செய்ததாம். மிளகு வாசனை இருக்கிறது, வாத்துக்கு ஏற்றது என்றார். அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன், நான் குடிப்பதில்லை.

கடைசியில் நான் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டி எடுத்தேன், செம்மறியாட்டுப்பாலில் செய்து குகையில் பூஞ்சை ஏற்றியது, உப்பும் காரமுமாக முதல் வாயில் மூக்கைப் பிடிக்கவைக்கும், ரொட்டியோடு நாலாவது வாயில் பிடித்துப்போய்விடும். வீட்டுக்காரர் எடுத்த உலர்பிளம் பழ இனிப்புதான் அன்றைக்குச் சுமார். அடிமாவு நமத்துப்போயிருந்தது, காலையில் செய்து வைத்துவிட்டார்கள் போல. அம்மாவுக்குக் கோப்பி சி (நம்ம ஊர்ப் பால் காப்பி) இல்லாமல் சாப்பாடு முடிந்த மாதிரியே இருக்காது, பால் கலந்த காப்பி ஒன்று 3 யூரோவுக்கு வாங்கிக் கொடுத்தேன், "மாப்பிள்ளை, நம்ம கோப்பி மாதிரி இல்லை, இருந்தாலும் சூடா இருக்கு" என்று குடித்தார்.

கழிவறை கீழே, குறுகலான சுழல் கல்படி இறங்கிப் போக வேண்டும், கைப்பிடி ஒரு பக்கம்தான். பெரியவர்களைக் கூட்டிப்போனால் மேலே வரும் முன்பே கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்துவிடுங்கள். நானும் ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டுதான் அம்மாவை இறக்கினேன்.

கணக்கு: எங்கள் இருவருக்கும் 36, அம்மாவுக்கு எல்லாம் சேர்த்து 13, வைன் 5, காப்பி 3, மொத்தம் 57 யூரோ. அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 85 வெள்ளி, தலைக்கு முப்பதுக்கும் கீழே. பலகையில் எழுதிய விலைதான் கடைசி விலை, வரியும் சேவையும் அதற்குள்ளேயே. பில்லை அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள், கேட்க வேண்டும். துரத்தவும் மாட்டார்கள். இரண்டரை வரை உட்கார்ந்திருந்தோம், அந்த நான்கு வேலையாட்கள் எப்போதோ எழுந்து போய்விட்டார்கள், சமைத்தவரும் வந்து பக்கத்து மேசையில் தன் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். அவர் தட்டிலும் அதே வாத்துக்கால்.

அந்த ஊருக்கே உரியது குரோக்கான் என்ற பாதாம் பிஸ்கெட், முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முழுப் பாதாமும் சேர்த்து மெல்லிசாகச் சுட்டது. தெருக்கடையில் இரண்டு பை வாங்கிக்கொண்டோம், ஒரு பை வழியிலேயே தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை போகாதீர்கள், பாதிக் கடை மூடியிருக்கும். குளிர்காலத்தில் வாரக்கணக்காகவே மூடுகிற கடைகள் உண்டு, டிசம்பரில் போகிறவர்கள் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின் போன வாரம் வீட்டில் அலிகோ முயற்சி செய்தோம். தோம் கட்டி நாங்கள் தேடிய இடத்தில் கிடைக்கவில்லை, பேரங்காடியில் மொஸரெல்லா வாங்கிப் போட்டோம். அம்மாதான் கிண்டினார். நூலாக இழுத்தது, வாசனை வரவில்லை. பூண்டு சூப் மட்டும் அச்சாக அப்படியே வந்தது, சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய சாதாரணப் பூண்டிலேயே. முட்டைக் கருவை விடும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரிந்துவிடும், எங்களுக்கு முதல் தடவை திரிந்துவிட்டது.